ஆயுதப்படைக்கு மாற்றம்: புதுச்சேரியில் எழுதப்படாத அறிக்கைகள்

காவல் நிலையத்தில் ஏதோ ஒன்று பெரிதாகத் தவறிப்போய், சனங்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டால், மறுநாள் செய்தித்தாளில் வரும் வரி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: இன்ஸ்பெக்டர் ஆயுதப்படைக்கு மாற்றம். கூட்டம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் எஸ்.ஐ.யும் ஏட்டும் சேர்ந்து போவார்கள். கோபம் ஊர் முழுக்கப் பரவிவிட்டால் நிலையமே காலியாகும். 2024 மார்ச்சில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அப்படித்தான் நடந்தது.

அந்த மாதம் 2ஆம் தேதி, சோலை நகரில் விளையாடிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போனாள். குடும்பத்தார் காவல் நிலையத்துக்குப் போனார்கள். 5ஆம் தேதி, வீட்டுக்கு அருகிலேயே ஓடும் கழிவுநீர் வாய்க்காலில், துணியில் மூட்டையாகக் கட்டப்பட்ட உடல் கிடைத்தது. அதே பகுதியைச் சேர்ந்த இருவர் கைதானார்கள். 8ஆம் தேதி புதுச்சேரி முழுவதும் கடையடைப்பு. காணாமல் போன குழந்தையைத் தேடுவதில் மெத்தனம் காட்டினார்கள், கஞ்சா புழக்கத்தைக் கண்டும் காணாமல் விட்டார்கள் என்று தெருவில் நின்று பெண்கள் கத்தினார்கள். முத்தியால்பேட்டை நிலையத்தில் இருந்தவர்கள் கூண்டோடு மாற்றப்பட்டார்கள். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், வழக்கில் தீர்ப்பு வருவதற்கு முன்பே, கைதான இருவரில் மூத்தவர் காலாப்பட்டு மத்திய சிறைக்குள் இறந்துபோனார்.

குற்றம் செய்தவர்களைப் பற்றிப் பேச நீதிமன்றம் இருக்கிறது. நான் பேச விரும்புவது அந்த இடமாற்ற ஆணையைப் பற்றி. அப்படிப்பட்ட ஆணையில் பெயர், இப்போதைய பணியிடம், போக வேண்டிய பணியிடம், தேதி இருக்கும். புகார் எத்தனை மணிக்கு வந்தது, யார் வாங்கினார், அடுத்த ஒரு மணி நேரத்தில் எந்தத் தெருவுக்கு யார் போனார், யார் போகாமல் இருந்தார், எதனால் என்று ஒரு வரிகூட இருக்காது. நிர்வாகக் காரணங்களுக்காக என்ற சொற்றொடர் எல்லாவற்றையும் மூடிவிடும். கோபம் தணிந்துவிடும். என்ன நடந்தது என்பது மட்டும் எழுதப்படாமலே போய்விடும். புதுச்சேரியில் காவல்துறையின் மீது நம்பிக்கை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று யாராவது கேட்டால், இந்த எழுதப்படாத அறிக்கைகளின் குவியலைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

முத்தியால்பேட்டை நகரின் வடக்கு ஓரம். நான் இருக்கும் நெல்லித்தோப்பு நகரின் மேற்குப் பக்கம், மார்க்கெட்டும் மாதா கோவிலும் எப்போதும் நெரிசலான சிக்னலும் சேர்ந்த இடம். இங்கே ஒருவர் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றால் பெரும்பாலும் பக்கத்து உருளையன்பேட்டை ஸ்டேஷன்தான். காய்கறி ஏலத்தில் தகராறு, பைக் திருட்டு, குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன், வட்டிக்காரன் மிரட்டல் என்று அவர் கொண்டுபோகும் விஷயங்கள் பெரும்பாலும் சின்னவை. ஆனால் காவல்துறையைப் பற்றி அவர் மனதில் பதிவது அந்தச் சின்ன விஷயத்தில்தான். வாசலில் பாரா நிற்பவர் எப்படிப் பேசினார், ரைட்டர் தலை நிமிர்ந்து பார்த்தாரா, புகாரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தாரா, அல்லது எஸ்.ஐ. ரவுண்ட்ஸ் போயிருக்கிறார், சாயந்திரம் வாங்க என்றாரா. டாம் டைலர் என்ற அமெரிக்க உளவியலாளர் சிகாகோவில் நடத்திய ஆய்வை வைத்து 1990இல் எழுதிய புத்தகம் இதைத்தான் சொல்கிறது. முடிவு தமக்குச் சாதகமாக வந்ததா என்பதைவிட, தம்மை எப்படி நடத்தினார்கள், தாம் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்களா என்பதை வைத்தே மனிதர்கள் சட்டத்தை மதிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் எந்தப் பெண்மணியும் இதை ஆய்வில்லாமலே சொல்லிவிடுவார்.

புதுச்சேரியில் இடமாற்றம் என்பதற்கு வேறு எங்கும் இல்லாத ஒரு விசித்திரம் உண்டு. நகருக்குள் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது பத்து நிமிட பைக் பயணம். மாற்றப்பட்டவர் அதே வீட்டில்தான் இருப்பார், அதே டீக்கடைக்குத்தான் வருவார், பழைய பழக்கங்களும் தொடர்புகளும் அப்படியே இருக்கும். தண்டனை தெரிய வேண்டும் என்றால் யானத்துக்கோ மாகேக்கோ அனுப்புவார்கள். யானம் ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில், 800 கிலோமீட்டருக்கு அப்பால். மாகே கேரளக் கடற்கரையில். புதுச்சேரிக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்யப்பட்ட ஒருவர் யானத்துக் குடிமக்களுக்கு மட்டும் எப்படித் தகுதியாவார்? மொழி தெரியாத ஊரில், வேண்டாவெறுப்பாக வேலை பார்க்கும் ஓர் அதிகாரியை அவர்கள் தலையில் கட்டுவதற்கு அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

மேலே இருப்பவர்கள் கதை வேறு. இங்கே உள்ள ஐ.பி.எஸ். அதிகாரிகள் சில மாநிலங்களுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் பொதுவான பணித்தொகுதியைச் சேர்ந்தவர்கள். தில்லி, அருணாசலம், கோவா, மிசோரம் என்று சுற்றி வருபவர்கள், சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போவார்கள். கீழே இருக்கும் காவலர்களும் எஸ்.ஐ.க்களும் உள்ளூர்க்காரர்கள், ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்கு மாமன், மச்சான், பள்ளித் தோழன். ஊரைத் தெரிந்தவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்கு ஊர் தெரியும் முன்பே மாறுதல் வந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நினைவு என்று ஒன்று நிலைக்க வேண்டுமானால் அது காகிதத்தில்தான் நிலைக்க முடியும்.

காகிதம் ஏன் முக்கியம் என்பதற்குப் புதுச்சேரியே முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடம் வைத்திருக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நயினியப்பரை 1716இல் கவர்னர் எபேர் கைது செய்தார். கொடுங்கோன்மை, கலகம் என்று குற்றச்சாட்டு. பொது இடத்தில் சாட்டையடி, சொத்துப் பறிமுதல், சிறை. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். பிற்காலத்தில் நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் நெருங்கிய உறவினர் அவர். இன்றைய சொல்லில் சொன்னால் அது ஒரு காவல் மரணம். ஆனால் அதோடு முடியவில்லை. அவர் பிள்ளைகளும் ஆதரவாளர்களும் மேல்முறையீடு செய்தார்கள். மூத்த மகன் குருவப்பர் கப்பலேறி பிரான்சுக்கே போனார். சாட்சிகளின் வாக்குமூலங்கள் அவர்களுக்கே புரியாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டு, அதன் கீழ் கையெழுத்து வாங்கப்பட்டிருந்தது என்பது அந்த முறையீட்டில் எழுப்பப்பட்ட பெரிய குறைகளில் ஒன்று. பிரான்சில் தீர்ப்பு தலைகீழானது. இறந்த நயினியப்பர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். கவர்னர் பதவி பறிபோய்ப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தார்.

இது சாத்தியமானதற்கு ஒரு காரணம், தரகர் குடும்பத்துக்குப் பணமும் கடல் கடந்த ஆதரவும் இருந்தது. இன்னொரு காரணம் அந்த விசாரணைத் தாள்கள் இருந்தன. தவறான தாள்களாக இருந்தாலும் அவை இருந்தன. அவற்றிலுள்ள தவறைச் சுட்டிக்காட்டித்தான் வழக்கைப் புரட்ட முடிந்தது. ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள், என்ன எழுதியிருந்தது என்று படிக்க விடவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அந்தக் குறை புதுச்சேரிக்குப் புதிதில்லை. இவ்வளவுக்கும், புலன்விசாரணையில் போலீசிடம் ஒருவர் தரும் வாக்குமூலத்தில் அவருடைய கையெழுத்தே வாங்கக்கூடாது என்பதுதான் நம் சட்டம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த பாடம் நெல்லித்தோப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கடலூர் சாலை ஆலைகளில் நடந்தது. 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டுப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் ஆயுதப் படை சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் விளைவாக, அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட தொழிலாளர் சட்டம் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது. ஊர் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பன்னிரண்டு பேருக்கு மாலை போடுகிறது. இந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் ஆலைச் சங்கு கேட்டு எழுந்தவை; ஆலைகள் மூடிய பிறகும் அந்தத் தேதி மட்டும் மறக்கவில்லை. ஆனால் சுடச் சொன்னவர் யார் என்று கேட்டால் தெருவில் பதில் வராது. இறந்தவர்களை நினைவு வைக்கும் பண்பாடு நம்மிடம் இருக்கிறது. உத்தரவிட்டவரைப் பதிவு செய்யும் பழக்கம்தான் இல்லை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறியது. காவலர் தலையில் சிவப்புக் கெப்பி மட்டும் தொடர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் இன்றும் அதைப் படம் பிடிக்கிறார்கள்.

சுதந்திர இந்தியாவின் பக்கம் வருவோம். உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் டி.ஜி.பி.யாகவும், எல்லைப் பாதுகாப்புப் படையின் தலைவராகவும் இருந்த பிரகாஷ் சிங் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு போட்டார். பத்து ஆண்டு கழித்து, 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு கட்டளைகள். அவற்றில் இரண்டு நம் விஷயத்தோடு நேராக ஒட்டியவை. ஒன்று, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி உட்பட களப்பணியில் இருப்பவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணிக்காலம். மற்றொன்று, காவலர் மீதான புகார்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் காவல் புகார் ஆணையம்; மாநில அளவிலும் மாவட்ட அளவிலும்.

இந்த இரண்டையும் ஒரே தீர்ப்பில் வைத்ததில் ஆழ்ந்த புரிதல் இருக்கிறது. இடமாற்றம் என்பது இந்தியக் காவல்துறையில் இருபுறமும் வெட்டும் கருவி. சிறுமியைத் தேடாமல் இருந்தவருக்கும் அதே ஆணை. ஆளுங்கட்சிக்காரரின் மணல் லாரியைப் பிடித்தவருக்கும் அதே ஆணை. தாளைப் பார்த்தால் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் தவறு செய்தவர், அரசியல் பழிவாங்கல் என்று சொல்லித் தப்ப முடிகிறது. நேர்மையாக நடந்தவர் மீது ஏதோ செய்திருப்பான் என்ற சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. இடமாற்றத்தைத் தண்டனையாகப் பயன்படுத்துவதை நிறுத்தினால்தான் தண்டனை என்ற ஒன்று தொடங்கும்.

தமிழ்நாடு இந்தக் கட்டளைக்கு எப்படிக் கீழ்ப்படிந்தது என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவராக உள்துறைச் செயலாளரையே வைத்தார்கள்; டி.ஜி.பி.யும் உறுப்பினர். மாவட்டத்தில் தலைவர் கலெக்டர். யார் மீது புகாரோ அவருடைய மேலதிகாரியிடமே போய் நில் என்பது இதன் பொருள். புதுச்சேரி அந்த வகையில் ஒரு படி முன்னே நிற்கிறது. இங்கே தனியாகக் காவல் புகார் ஆணையம் ஒன்று உண்டு. ஆனால் நெல்லித்தோப்பில் பத்துப் பேரைக் கேளுங்கள், அப்படி ஓர் ஆணையம் எங்கே இருக்கிறது, எப்படி மனுக் கொடுப்பது என்று. பெரும்பாலோர் எம்.எல்.ஏ. வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். மக்கள் தேடிப் போகாத ஆணையம், சட்டப் புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருக்கும் ஆணையம்.

உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பிலேயே, புகார் ஆணையத்துக்குக் களத்தில் இறங்கி விசாரிக்கச் சொந்த ஆட்கள் வேண்டியிருக்கும், ஓய்வுபெற்ற புலனாய்வாளர்களைக்கூட அமர்த்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. இதுதான் உயிர்நாடி. சொந்த விசாரணையாளர் இல்லாத ஆணையம், வரும் மனுவை எஸ்.பி.க்கு அனுப்பி அறிக்கை கேட்கும், எஸ்.பி. அதை இன்ஸ்பெக்டருக்கு அனுப்புவார். இன்ஸ்பெக்டர் தன்னைப் பற்றித் தானே எழுதித் தருவார்.

இதற்கு மாறாக ஒன்றைக் கட்ட முடியும் என்பதற்கு வட அயர்லாந்து சாட்சி. முப்பது ஆண்டு உள்நாட்டுச் சண்டையில் மக்கள்தொகையில் ஒரு பெரும் பகுதி காவல்துறையை எதிரிப்படையாகவே பார்த்த இடம் அது. 1999இல் பேட்டன் குழு தந்த பரிந்துரைகளின் வழியே பழைய காவல் படை கலைக்கப்பட்டு 2001இல் புதியது உருவானது. அதற்கு முன்பே, 2000 நவம்பரில், காவல் குறைதீர்ப்பாளர் அலுவலகம் வேலையைத் தொடங்கிவிட்டது. முதல் குறைதீர்ப்பாளர் நுவாலா ஓ'லோன். அவரிடம் சொந்த விசாரணையாளர்கள் இருந்தார்கள். 1998 ஆகஸ்டில் ஓமா நகரில் 29 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பைப் போலீஸ் விசாரித்த விதம் பற்றி 2001 டிசம்பரில் அவர் வெளியிட்ட அறிக்கை, காவல்துறைத் தலைவரையே பெயர் சொல்லிக் குறைகூறியது. அவர் கொதித்தெழுந்தார். அறிக்கை திரும்பப் பெறப்படவில்லை. வட அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 19 லட்சம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம். நாம் சிறிய இடம், நம்மால் ஆகுமா என்று யாரும் சொல்ல முடியாது. சிறிய இடத்தில்தான் இது எளிது.

பயிற்சி பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் காவலருக்கு நல்ல பயிற்சி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்கிறேன். ஆனால் எந்தப் பயிற்சி, எப்போது, யாருக்கு?

கோரிமேடு காவலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வெளியே வரும் இளைஞருக்குக் கவாத்து தெரியும், சட்டப்பிரிவுகள் தெரியும். நிலையத்துக்குப் போன முதல் வாரத்திலேயே இரண்டாவது பள்ளி தொடங்கிவிடும். அங்கே ஆசிரியர் மூத்த ஏட்டும் ரைட்டரும். பள்ளியில் படித்ததெல்லாம் பரீட்சைக்கு, இங்கே வேலை இப்படித்தான் என்பது முதல் பாடம். காமன் காஸ், லோக்நீதி அமைப்புகள் 2025இல் வெளியிட்ட இந்தியக் காவல்துறை நிலை அறிக்கைக்காகப் பல மாநிலங்களில் காவலர்களிடமே கேட்டபோது, கொடிய குற்றங்களில் சந்தேக நபரைச் சித்திரவதை செய்வது ஏதோ ஓர் அளவுக்கு நியாயம்தான் என்று பெரும்பகுதியினர் ஒப்புக்கொண்டார்கள். சட்டம் தெரியாததால் வந்த பதில் இல்லை இது. சட்டத்தை மீறினால் வேலை சுலபமாக முடியும், யாரும் கேட்க மாட்டார்கள் என்று பணியிடம் கற்றுக்கொடுத்ததால் வந்த பதில்.

ராஜஸ்தானில் நடந்த ஒரு பரிசோதனையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளியலாளர்கள் அந்த மாநிலக் காவல்துறையோடு சேர்ந்து, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களில் சில சீர்திருத்தங்களைக் குலுக்கல் முறையில் நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். வாராந்திர விடுப்புடன் கூடிய பணிச்சுற்று ஒன்று. ஊர்க்காரர் ஒருவர் நிலையத்தில் உட்கார்ந்து பார்ப்பது ஒன்று. இடமாற்றத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைப்பது ஒன்று. புலன்விசாரணையிலும் மக்களோடு பழகுவதிலும் பணியிடைப் பயிற்சி ஒன்று. இவற்றின் பலனை அளக்க வீடு வீடாகக் கேட்டார்கள். புகார்தாரர் வேடத்தில் ஆட்களை அனுப்பி, நிலையத்தில் வழக்குப் பதிகிறார்களா என்றும் சோதித்தார்கள்.

முதல் இரண்டும் பலன் தரவில்லை. நடுமட்ட அதிகாரிகள் அவற்றை ஒழுங்காக நடத்தவே விடவில்லை. பயிற்சி பலன் தந்தது. இடமாற்றத்தை நிறுத்தியதும் பலன் தந்தது. பாதிக்கப்பட்டவர்களின் மனநிறைவு கூடியது. யாரும் எதிர்பாராத மூன்றாவது ஒன்று: வேடமிட்டுப் போன அந்தச் சோதனைகளே காவலரைத் திருத்தின. வந்திருப்பவர் உண்மைப் புகார்தாரரா சோதிக்க வந்தவரா என்று தெரியாததால், வருகிற எல்லோரையும் கொஞ்சம் ஒழுங்காக நடத்தத் தொடங்கினார்கள். பயிற்சி, நிலையான பணிக்காலம், எந்த நேரமும் யாராவது பார்க்கலாம் என்ற நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் காவல் நிலையம் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இந்தியச் சான்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கிறவர் இல்லாத இடத்தில் பயிற்சி மட்டும் கொடுத்தால், அது சான்றிதழோடு முடிந்துவிடும்.

தமிழ்நாட்டின் சாத்தான்குளம் காவல் நிலையம் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டியது. 2020 ஜூன் 19 இரவு அந்த நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடிக்கப்பட்டு, சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன், கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். சேமிக்க வன்தட்டில் இடம் இருந்தும் அப்படி. அந்த நடுவரிடமே அங்கே மிரட்டும் தொனியில் பேசினார்கள். அந்தச் சூழ்நிலையில் பேசியவர் தலைமைக் காவலர் ரேவதி. அன்றிரவு என்ன நடந்தது என்பதை அவர் நடுவரிடம் சொன்னார். சக காவலர்கள் சுற்றி நிற்க, இரண்டு பெண் குழந்தைகளின் தாய், தன் வேலையையும் பாதுகாப்பையும் பணயம் வைத்துச் சொன்னார்.

ரேவதி பெற்ற பயிற்சியும் மற்றவர்கள் பெற்ற பயிற்சியும் வேறு வேறு அல்ல. அவர் மனசாட்சி அவருடையது. அதை எந்தப் பாடத்திட்டமும் உற்பத்தி செய்யாது. ஆனால் இப்படிப் பேசுகிறவரை ஒரு துறை எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்தவர் பேசுவதா வாயை மூடுவதா என்று முடிவு செய்கிறார். உள்ளிருந்து உண்மை சொல்லும் காவலருக்குப் பதவிப் பாதுகாப்பு, விரும்பிய இடத்தில் பணி, சாட்சிப் பாதுகாப்பு ஆகியவற்றை எழுத்தில் உறுதி செய்யாத எந்தச் சீர்திருத்தமும் பாதிச் சீர்திருத்தம்தான். ஒரு நிலையத்தில் நடப்பது அங்கிருக்கும் காவலர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அதே சாத்தான்குளம் இன்னொன்றையும் அம்பலப்படுத்தியது. 1993இல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் என்ற அதிகாரி நல்ல எண்ணத்தோடு தொடங்கிய காவல்துறை நண்பர்கள் குழு, அந்தச் சம்பவத்தில் பெயர் அடிபட்டு, தமிழ்நாட்டில் நிறுத்தப்பட்டது. மக்களுக்கும் காவலருக்கும் பாலம் என்று தொடங்கியது, யாரிடமும் பதில் சொல்ல வேண்டாத துணைப்படையாகப் பார்க்கப்படும் நிலைக்கு வந்தது. நம்பிக்கையை வளர்க்கும் திட்டம், பொறுப்புக்கூறல் இல்லாமல் தனியே நின்றால் இப்படித்தான் திரியும்.

புதுச்சேரி நிலையங்களில் சனிக்கிழமைகளில் மக்கள் மன்றம் நடக்கிறது. உயர் அதிகாரிகள் வந்து உட்கார்ந்து குறை கேட்கிறார்கள். நல்ல காரியம், போகிறவர்களில் சிலருக்கு அன்றே தீர்வும் கிடைக்கிறது. ஆனால் அதே அதிகாரி, அதே நிலையத்தில், தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றிய புகாரைக் கேட்கும்போது அது மேற்பார்வையே தவிர வெளி விசாரணை ஆகாது. சனிக்கிழமை வரும் ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுத்து, காவலர் மீதான புகாரை மட்டும் தனியே பிரித்துப் புகார் ஆணையத்துக்கு நேரடியாக அனுப்பினால், அந்த மன்றத்துக்குப் பல்லும் நாக்கும் சேர்ந்து முளைக்கும்.

காவலர் பக்கத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இது நியாயமான கட்டுரை ஆகாது. மேலே சொன்ன அதே நிலை அறிக்கையின் 2019 பதிப்பு, இந்தியாவில் காவலர் சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார் என்று சொன்னது. எட்டு மணி நேர வேலைக்காகப் பன்னிரண்டு பேர் செத்த ஊரில், காவலருக்கு எட்டு மணி நேரம் கிடையாது என்பது எனக்கு உறுத்துகிறது. வி.ஐ.பி. வருகை, புத்தாண்டு இரவு கடற்கரைக் கூட்டம், தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள். பதினாலாவது மணி நேரத்தில் புகாரோடு வரும் பெண்ணிடம் பொறுமையாகப் பேசு என்று கட்டளையிடுவது எளிது. மத்தியப் பிரதேசத்தில் 180 நிலையங்களில் பெண்களுக்கான உதவி மேசை வைத்துப் பார்த்து, 2022இல் வெளிவந்த ஆய்வு, தனி இடமும் அதற்கென ஒதுக்கிய ஆளும் பயிற்சியும் கொடுத்தால் பெண்கள் தரும் புகார்கள் வழக்காகப் பதிவாவது கூடுகிறது என்று காட்டியது. ஆளே ஒதுக்காமல் அறிவுரை மட்டும் சொன்னால் எதுவும் நகராது.

மறுபடியும் காகிதத்துக்கு வருவோம். 2025 ஜூன் 28 அன்று மடப்புரம் கோவில் காவலாளி அஜித்குமார் திருப்புவனம் பகுதியில் தனிப்படையின் பிடியில் அடிபட்டு இறந்தார். உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். நகை காணவில்லை என்ற வாய்மொழிப் புகார்தான் தொடக்கம். முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கு முன்பே தனிப்படை எப்படி உள்ளே வந்தது, யார் சொல்லி வந்தது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. அடி விழுந்த இடத்தில் காகிதம் இல்லை. இதை நான் தற்செயலாகக் கருதவில்லை. பதிவேட்டில் ஏறாத மனிதரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைக்கிறார்கள்.

கேமராவும் ஒரு பதிவேடுதான். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா நிலையங்களிலும் வாசல், வரவேற்பறை, லாக்கப், தாழ்வாரம் எதுவும் விடுபடாமல் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா வேலை செய்கிறதா என்பதற்கு நிலையப் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், கேமராக்கள் வேலை செய்யாததைப் பற்றி அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டி வந்தது. புதுச்சேரியில் உள்ள நிலையங்களை ஒரு வாரத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம். எந்தெந்த நிலையத்தில் எத்தனை கேமரா ஓடுகிறது என்று புகார் ஆணையம் மாதந்தோறும் தன் வாசலில் தமிழில் ஒட்ட முடியும். செலவு ஒரு தாள்.

ஆட்சியாளர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். மக்கள் கோபத்துக்குப் பிறகு ஒரு காவலரை மாற்றினால், அந்த ஆணையோடு முப்பது நாளுக்குள் ஓர் அறிக்கை வர வேண்டும்: எந்த மணியில் என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, யார் பொறுப்பு. முத்தியால்பேட்டைக்கான அறிக்கையிலிருந்தே அதைத் தொடங்கலாம். அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு அதைத் தமிழில் படிக்கும் உரிமை இருக்கிறது. புகார் ஆணையத்துக்குக் காவல்துறையில் ஊதியம் வாங்காத விசாரணையாளர்கள் வேண்டும். அதன் ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு விவாதிக்கப்பட வேண்டும். காவல் புதுச்சேரிச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்குள் உள்ள பொருள்; தில்லியைப் போல அது விலக்கப்படவில்லை. சட்டம் செய்ய முடியாது என்று இங்கே யாரும் கை விரிக்க முடியாது.

நெல்லித்தோப்பிலும் வேறெங்கும் இருக்கும் வாசகருக்கு ஒன்று. ஸ்டேஷனுக்குப் போகும்போது புகாரை எழுதியே கொண்டு போங்கள், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனே, காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். குற்றம் எந்த நிலையத்தின் எல்லையில் நடந்திருந்தாலும் நீங்கள் போன நிலையமே அதைப் பதிய வேண்டும். பதிய மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அவரும் அசையாவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.